மியூசியத்தின் முன்வாசலும் பின்வாசலும்

நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் பெரும்பாலான மாதங்களில் முதல் சனிக்கிழமை மாலை கட்டணம் கிடையாது. 5 மணியிலிருந்து இரவு வெகுநேரம் வரை யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். எகிப்திய மம்மியைப் பார்க்கலாம், மூன்றாம் மாடிக் கூடத்தில் ஆடலாம், பிள்ளைகளை உட்கார வைத்து வண்ணக் காகிதம் வெட்டலாம், கையில் பீரோடு சும்மாவும் நிற்கலாம். 1998 அக்டோபரில் தொடங்கிய வழக்கம் இது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள் வைப்பார்கள். கோடையில் ஒரு மாலை, சில ஆண்டுகளில் ஜூனிலும் சில ஆண்டுகளில் ஆகஸ்டிலும், கரீபியத் தீவுகளின் பேரில் நடக்கும்.

அன்றைய கூட்டத்தைப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு, ஒரு பெரிய நிறுவனம் குடியேறிகளின் கலைக்குப் பெரிய மனசோடு இடம் கொடுத்திருக்கிறது என்றுதான் தோன்றும். எனக்கென்னவோ இது தலைகீழாகப் படுகிறது. யார் யாருக்கு இடம் கொடுத்தார்கள் என்பது அந்தக் கட்டடத்தின் முன்பக்கத்தைப் பார்த்தால் தெரியாது. பின்பக்கம் போக வேண்டும்.

பின்பக்கம் கார் நிறுத்துமிடம். அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம். அதையொட்டிய வார இறுதியில், பல பத்தாண்டுகளாக, இந்தத் தார்த் தரையில்தான் பேனோரமா என்னும் ஸ்டீல்பேன் (பேன் என்று சுருக்கமாகச் சொல்லும் இரும்பு வாத்தியம்) போட்டி நடந்து வந்திருக்கிறது. ஓர் அணியில் நூறு பேர் வரை இருப்பார்கள். சக்கரம் வைத்த இரும்புச் சட்டங்களில் வாத்தியங்களை மாட்டித் தள்ளிக்கொண்டு வருவார்கள். நடுவில் தாளக் கோஷ்டி. அதற்கு இன்ஜின் ரூம் என்று பெயர். அங்கே ஒருவர் பழைய காரிலிருந்து கழற்றிய பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டிருப்பார். நூறு பேனும் சேர்ந்து முழங்கும்போதும் அந்தக் கணீர் சத்தம்தான் எல்லோரையும் காலத்தில் நிறுத்தி வைக்கும். நம் கச்சேரியில் மோர்சிங்கைக் காது தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இங்கே அதற்கு நேரெதிர், காதைப் பொத்தினாலும் கேட்கும்.

ஸ்டீல்பேன் எண்ணெய் பீப்பாயிலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியும். ஏன் பீப்பாய்க்குப் போனார்கள் என்பதுதான் கதை. கரீபியத் தீவான டிரினிடாடில் அடிமை முறை ஒழிந்த பின், விடுதலை பெற்றவர்கள் தீப்பந்தமும் கம்புமாகத் தெருவில் இறங்கிக் கார்னிவல் கொண்டாடினார்கள். 1881-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் போலீஸ் அதைத் தடுக்கப் பார்த்தது, கைகலப்பானது. தொடர்ந்து 1884-இல் பிரிட்டிஷ் காலனி அரசு தெருவில் தோல் பறை அடிக்கத் தடை போட்டது. அதே ஆண்டு அக்டோபரில், கரும்புத் தோட்டத்து இந்தியர்களின் மொஹரம் ஊர்வலத்தின் மீது சான் ஃபெர்னாண்டோவில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்தார்கள். இரண்டு சம்பவங்களையும் பாடப் புத்தகங்கள் தனித்தனிப் பக்கங்களில் வைக்கும். பயம் ஒன்றுதான்: தாளம் கேட்டால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் தோட்ட முதலாளிக்குத் தூக்கம் வராது.

தோல் போனால் என்ன, மூங்கில் இருக்கிறதே என்று வெவ்வேறு நீளத்தில் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். அப்புறம் பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி மூடி. இரண்டாம் உலகப் போர் காலத்தில் டிரினிடாடில் அமெரிக்கப் படைத்தளம் வந்தது. எண்ணெய் வளம் உள்ள தீவு வேறு. காலி பீப்பாய்க்குப் பஞ்சமே இல்லை. அதன் அடிப்பக்கத்தைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கிண்ணம் போலக் குழிக்க வேண்டும். குழிந்த பரப்பில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வட்டம் வரைந்து, உளியால் அதன் ஓரத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்தி, பக்கத்துச் சுரத்திலிருந்து பிரிக்க வேண்டும். பிறகு பீப்பாயின் உடம்பைத் தேவையான உயரத்துக்கு வெட்டி, நெருப்பில் காட்டி, கடைசியில் சிறு சுத்தியலால் ஒவ்வொரு வட்டத்தையும் மேலிருந்தும் கீழிருந்தும் தட்டிச் சுருதி கூட்ட வேண்டும். சம்மட்டி வேலைக்கு உடல் பலம் போதும். சுருதி கூட்டுவதற்கு ஆயுள் முழுக்கப் பழகிய காது வேண்டும். அப்படிப்பட்ட கைகளில் எல்லி மானெட் ஒருவர். 1951-இல் லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்குப் போய் வாசித்த டிரினிடாட் குழுவிலும் அவர் இருந்தார். 1884-இல் பறையைத் தடை செய்த அதே பேரரசின் தலைநகரில், அதன் கைதட்டலோடு.

சரி, டிரினிடாடின் வாத்தியம் புரூக்ளினின் கார் நிறுத்துமிடத்துக்கு எப்படி வந்தது?

முதலில் வந்த இடம் மன்ஹாட்டனின் ஹார்லெம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே அங்கே கரீபியர்கள் இருந்தார்கள். தாய்நாட்டில் கார்னிவல் கிறிஸ்தவ நோன்புக் காலத்துக்கு முன், பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். நியூயார்க்கில் அப்போது பனி கொட்டும். இறகும் ஜிகினாவுமாக வேடம் கட்டித் தெருவில் ஆட முடியாது. அதனால் முதலில் நடன அரங்குகளுக்குள் வைத்துக்கொண்டார்கள். தெருவில் ஆடாத கார்னிவல் அவர்களுக்குக் கார்னிவலாகவே படவில்லை. எனவே தேதியையே நகர்த்தினார்கள். 1947-இல் லெனாக்ஸ் அவென்யூவில் தொழிலாளர் தின ஊர்வலம் தொடங்கியது. விழாவுக்கும் தொழிலாளர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வெயில் இருந்தது, விடுமுறை இருந்தது, அவ்வளவுதான். 1964-இல் ஒரு தகராறுக்குப் பின் ஹார்லெமில் அனுமதி ரத்தானது.

அதே சமயம் புரூக்ளின் மாறிக்கொண்டிருந்தது. 1952-இன் குடியேற்றச் சட்டம் ஒவ்வொரு காலனிக்கும் ஆண்டுக்கு 100 பேர் என்று கதவை ஏறக்குறைய மூடியிருந்தது. 1962-இல் ஜமைக்காவும் டிரினிடாடும், 1966-இல் பார்படோசும் கயானாவும் சுதந்திரம் பெற்றன. 1965-இன் புதிய அமெரிக்கச் சட்டம் பழைய ஒதுக்கீட்டை உடைத்தது. நர்சுகள், தச்சர்கள், வீட்டு வேலைப் பெண்கள், எழுத்தர்கள் என்று ஆட்கள் வந்தார்கள். கிரவுன் ஹைட்சிலும் ஃபிளாட்புஷ்ஷிலும் வெள்ளையர்கள் காலி செய்த வீடுகளை வாடகைக்கு எடுத்தார்கள், பிறகு விலைக்கே வாங்கினார்கள். 1969-இல் கார்லோஸ் லெஸாமா என்பவர் தலைமையில் ஈஸ்டர்ன் பார்க்வேயில் ஊர்வலம் போக நகரம் அனுமதி கொடுத்தது.

அந்தச் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை அமைத்த ஓம்ஸ்டெட்டும் வோக்சும் வடிவமைத்து, 1870-களில் போடப்பட்டது. உலகின் முதல் பார்க்வே என்பார்கள். நடுவில் அகலமான வண்டிப்பாதை, இருபுறமும் மரவரிசை, நடைபாதை. கனவான்கள் குதிரை வண்டியில் காற்று வாங்கப் போட்ட ரோடு. தேர் ஓடும் வீதிக்கு இருக்க வேண்டிய அகலம் அதற்கு இருந்தது, கரீபியர்கள் அதைத் தேரோடும் வீதியாக்கினார்கள். ஊர்வலம் யூடிக்கா அவென்யூ பக்கமிருந்து மேற்கே நகர்ந்து கிராண்ட் ஆர்மி பிளாசாவை நோக்கிப் போகும். முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால், சாலையின் தெற்குப் பக்கம், அருங்காட்சியகம். ஊர்வலம் அதைக் கடக்காமல் முடிய முடியாது. வருகிறவர்கள் பத்து லட்சத்துக்கு மேல் என்பது அமைப்பாளர்கள் சொல்லும் கணக்கு. பாதியைத் தள்ளினாலும் அது பெருங்கூட்டம்தான்.

ஆக, அருங்காட்சியகம் கரீபியப் பண்பாட்டைக் கண்டுபிடித்து உள்ளே அழைக்கவில்லை. அது ஏற்கனவே வாசலில் நின்றுகொண்டிருந்தது, ஆண்டுக்கொரு முறை, காது கிழிய. கொல்லைப்புறத்திலும் நின்றது. முன்வாசல் மட்டும்தான் பாக்கி.

அந்த முன்வாசலுக்கும் ஒரு வரலாறு உண்டு. மெக்கிம், மீட் அண்ட் வைட் நிறுவனம் வரைந்து 1897-இல் திறக்கப்பட்ட கட்டடம் இது. கிரேக்கக் கோயில் போன்ற தூண்கள். தெருவிலிருந்து மூன்றாம் மாடி உயரத்துக்கு ஏறிப்போகும் ஒரு பிரம்மாண்டப் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டே சாதாரண மக்களை மிரட்டுகிறது என்று சொல்லி, 1930-களின் நடுவில் அதை இடித்துவிட்டார்கள். வாசல் தெரு மட்டத்துக்கு இறங்கியது. கட்டடக்கலை ரசிகர்கள் இன்றும் இதற்காக வருத்தப்படுகிறார்கள். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. 2004-இல் கண்ணாடி முகப்பும், உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தோதான படிகளும் சேர்த்தார்கள். இப்போது அந்தப் படிகளில் உட்காருபவர்களில் பாதிப்பேர் உள்ளே போவதே இல்லை. போகட்டும்.

வாசலை இறக்கியாகிவிட்டது, கூட்டம் மட்டும் வரவில்லை. ஆற்றுக்கு அப்பால் மன்ஹாட்டனில் மெட் என்னும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பூதம் போல உட்கார்ந்திருந்தது. வெளியூரிலிருந்து வருபவர் ஒரு நாள் ஒதுக்கினால் அங்கேதான் போவார். 1997-இல் இயக்குநராக வந்த ஆர்னல்ட் லேமன், வராத சுற்றுலாப் பயணிக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்களை அழைப்போம் என்று கணக்குப் போட்டார். அதிலிருந்து வந்ததுதான் இலவசச் சனிக்கிழமை. டார்கெட் கடைச் சங்கிலி பல ஆண்டுகள் அதற்குப் பணம் கொடுத்துத் தன் பெயரையும் முன்னால் ஒட்டிக்கொண்டது. இலவசம் என்றால் யாரோ ஒருவர் பில் கட்டியிருக்கிறார் என்று பொருள். இங்கே அது மறைவாகவும் இல்லை.

டிஸ்கோ நடத்துகிற இடமா மியூசியம் என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். லேமனுக்குச் சர்ச்சை புதிதல்ல. 1999-இல் அவர் நடத்திய பிரிட்டிஷ் கலைக் கண்காட்சியில் கிறிஸ் ஓஃபிலியின் ஒரு மரியாள் ஓவியம் இருந்தது. அதில் யானைச் சாணமும் ஒட்டப்பட்டிருந்தது. மேயர் ஜூலியானி கொதித்தெழுந்து, நகரம் ஆண்டுதோறும் தரும் சுமார் 70 லட்சம் டாலரை நிறுத்தப் போவதாகவும் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லப் போவதாகவும் அறிவித்தார். நீதிமன்றம் அருங்காட்சியகத்தின் பக்கம் நின்றது. அதே ஓஃபிலி சில ஆண்டுகளில் லண்டனை விட்டு டிரினிடாடில் போய்க் குடியேறினார் என்பது நம் கதைக்குச் சம்பந்தமே இல்லாத, ஆனால் சொல்லாமல் விட மனசு வராத செய்தி.

இந்தக் கட்டடத்துக்குள் கரீபியக் கலை முன்னரே வந்திருக்கிறது. 1978-இல் ஹைட்டி ஓவியங்களுக்கென்று ஒரு பெரிய கண்காட்சி. 2007-இல், தொழிலாளர் தின வார இறுதியைக் கணக்குப் பண்ணி ஆகஸ்ட் 31 அன்று திறந்த சமகாலக் கரீபியக் கலைக் கண்காட்சியில் 45 கலைஞர்கள். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஓர் உறுப்பினர் அட்டை. 1960-இல் புரூக்ளினில் ஒரு பையன் பிறந்தான். அப்பா ஹைட்டிக்காரர், அம்மா புவெர்ட்டோ ரிக்கோ வம்சாவளி. அம்மாவுக்குப் படங்கள் மேல் பிரியம். மகனைக் கையைப் பிடித்து அருங்காட்சியகங்களுக்கு அழைத்துப் போவார். ஆறு வயதில் அவனை இங்கே இளைய உறுப்பினராகச் சேர்த்துவிட்டார். அந்தப் பையன்தான் ஜான் மிஷெல் பாஸ்கியா. 27 வயதில் இறந்துபோனான். 2005-இல் அவனுடைய படைப்புகள் முழுவதையும் திரும்பிப் பார்க்கும் கண்காட்சியை நடத்தியதும் இதே இடம்தான். வாசலைத் திறந்து வைப்பதால் என்ன லாபம் என்று கேட்கும் கணக்காளர்களுக்கு நான் இந்த அட்டையைத்தான் நீட்டுவேன். எல்லாப் பிள்ளைக்கும் இப்படிப்பட்ட அம்மா வாய்ப்பதில்லை என்பதும் தெரிந்ததுதான்.

கரீபிய மாலையின் இன்னொரு பக்கம் நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. இப்படிப்பட்ட விழாக்களில் மார்ட்டினிக், குவாடலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா பெண்களின் தலையைக் கவனித்தால் கட்டம் போட்ட பருத்தித் துணி சுற்றியிருக்கும். அதன் பெயர் மெட்ராஸ். நம் வீட்டில் லுங்கியாகக் கட்டுகிற கட்டத் துணியின் உறவு. சோழமண்டலக் கரையில் நெய்து, கப்பல் கம்பெனிகள் கொண்டுபோய் விற்றது. அந்த வியாபாரப் பாதையும் அடிமை வியாபாரப் பாதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆட்களை வாங்க மூட்டை கட்டிப் போன பண்டங்களில் இந்தியத் துணியும் இருந்தது.

தீவுப் பெண்கள் அதை வேறொன்றாக மாற்றினார்கள். தலைத்துணியின் நுனிகளை மடித்து மேலே நிற்கும்படி முடிச்சுப் போடுவார்கள். ஒரு நுனி நின்றால், மனசு காலி. இரண்டு நின்றால், ஒருவனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மூன்று, கல்யாணம் ஆகிவிட்டது. நான்கு நின்றால், வந்து முயற்சி செய்து பார்! மார்ட்டினிக்கிலும் குவாடலூப்பிலும் இன்னும் ஒரு நுணுக்கம். துணியில் உள்ள மஞ்சள் கட்டங்களின் மேல் கையால் மறுபடி மஞ்சள் சாயம் பூசிப் பளிச்சென்று ஆக்குவார்கள். பூசிய துணி விறைப்பாக நிற்கும், முடிச்சும் அழகாக எடுபடும். நெய்தவர் சென்னைப் பக்கத்துக்காரர். அந்தத் துணிக்குள் இவ்வளவு பேச்சை ஏற்றியவர்கள், எழுதப் படிக்க விடப்படாத பெண்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்தால் அது வெறும் துணி. தலையில் ஏறினால்தான் பேசும். மாலை நிகழ்ச்சி ஒன்றை நடத்துவதற்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை.

துணி மட்டும் போகவில்லை, ஆட்களும் போனார்கள். 1838 மே மாதம் கயானாவில் முதல் இரண்டு ஒப்பந்தக் கூலிக் கப்பல்கள் சேர்ந்தன. 1845 மே 30-இல் டிரினிடாடில் ஒன்று. பெரும்பாலோர் கல்கத்தா வழியே போன போஜ்புரி பேசுபவர்கள். கயானாவுக்குப் போன ஏறத்தாழ 2,39,000 பேரில் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள் சுமார் 15,000 தான். பிரெஞ்சுத் தீவுகளில் கதை வேறு. அங்கே புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர்கள் ஏராளம். மாரியம்மன் அங்கே மாலியேமென் ஆனாள், மதுரைவீரன் ‘மால்தேவிதான்’ என்ற பெயர்க்காரர் ஆனார். மார்ட்டினிக்கின் மசாலாக் கறிக்குக் கொலொம்போ என்று பெயர். குழம்பு என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்பார்கள், கொழும்பு ஊரின் பெயர் என்பாரும் உண்டு. சாப்பிட்டுப் பார்த்தால் எனக்கு முதல் கட்சிதான் சரி என்று படுகிறது.

இவர்களை புரூக்ளினின் கரீபிய மாலையில் தேடினால் கொஞ்சம் ஏமாற்றம்தான். அங்கே மேடையில் பெரும்பாலும் டிரினிடாடின் சோக்கா, ஜமைக்காவின் ரெக்கே, ஹைட்டியின் கொம்பா என்ற இசை வகைகள்தான். இந்திய வம்சாவளிக் கரீபியர்கள் குவீன்ஸ் பகுதியின் ரிச்மண்ட் ஹில்லில் குடியேறினார்கள். அங்கே தனி ஊர்வலம், தனிக் கோயில்கள். மதராசிக் கோயில்களில் தப்பு அடித்து அம்மனை அழைக்கும் பூசை இன்றும் நடக்கிறது. புரூக்ளினில் அவர்களின் ஆஜர் பட்டியல் சாப்பாட்டில்தான். பருப்புப் போளியில் வெல்லத்தை எடுத்துவிட்டு மூன்று மடங்கு அகலமாக்கினால் கிடைக்கும் தால் பூரி. பாரா என்னும் மெத்தென்ற பொரித்த ரொட்டிகள் இரண்டுக்கு நடுவே கொண்டைக்கடலையும் மாங்காய்ச் சட்னியும் வைத்த டபுள்ஸ். அப்புறம் இசைக்குள்ளே. 1970-களில் லார்டு ஷார்ட்டி என்ற கலிப்சோ பாடகர் தோலக் தாளத்தை எடுத்துக் கலிப்சோவில் கலந்து சோக்காவை உருவாக்கினார். அன்று மாலை மூன்றாம் மாடியில் ஆடுகிறவர்களின் இடுப்பு எந்தத் தாளத்துக்கு அசைகிறது என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். கரீபியன் என்ற ஒற்றைப் பெயரில் ஒரு மாலையை நடத்தும்போது யார் மேடைக்கு வருகிறார்கள், யார் தட்டில் மட்டும் வருகிறார்கள் என்பதை நிகழ்ச்சி அமைப்பவர்கள் யோசிக்க வேண்டும் என்பது என் சின்னப் புகார்.

பெரிய புகார் வேறு. சுற்றுவட்டாரத்தில் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. ஸ்டீல்பேன் அணிகள் கோடை முழுக்கப் பயிற்சி செய்ய ஒரு காலி மனை வேண்டும். அதைப் பேன் யார்டு என்பார்கள். காலி மனைகளில் அடுக்குமாடி எழும்புகிறது. புதிதாகக் குடிவந்தவர்கள் இரவில் சத்தம் என்று போலீசுக்குப் போன் போடுகிறார்கள். விடியும் முன் சேற்றையும் சாயத்தையும் பூசிக்கொண்டு ஆடும் ஜூவே ஊர்வலம், 2015, 2016-இல் நடந்த துப்பாக்கிச் சாவுகளுக்குப் பிறகு 2017-இல் காலை 6 மணிக்குத் தள்ளப்பட்டது. பைகளைச் சோதித்த பிறகே உள்ளே விட்டார்கள். ஜூவே என்றால் ‘பொழுது விடிகிறது’ என்று பிரெஞ்சுப் பொருள். விடிந்தபின் விடியலைக் கொண்டாடச் சொன்னால் என்ன செய்வது! 2017-இல்தான் ஃபிளாட்புஷ்ஷின் ஒரு பகுதிக்கு ‘லிட்டில் கரீபியன்’ என்று முறைப்படி பெயர் சூட்டினார்கள். ஓர் இடத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கும் வேகத்துக்கும் அங்கிருப்பவர்கள் இடம் பெயரும் வேகத்துக்கும் எப்போதும் ஒரு போட்டி.

முதல் சனிக்கிழமை வழக்கத்தில் ஒரு மாதத்துக்கு நீண்ட காலமாகவே விலக்கு உண்டு, செப்டம்பர். அது பெரும்பாலும் தொழிலாளர் தின வார இறுதியில் வந்து விழும். கூட்டம் முழுக்கக் கார்னிவலில் இருக்கும், பின்பக்கத் தார்த் தரையில் பேன் சட்டங்கள் வந்து இறங்கியிருக்கும். அன்றைக்கு இரவு விருந்தை நடத்துவது தெரு. மியூசியம் ஐந்து மணிக்கு இலவசக் கதவைத் திறப்பதில்லை.